இல்லாத நாடுகளின் காசுகள்: ஒரு லாட் வாங்கலாமா?

தங்கசாலை வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாரிமுனைப் பக்கம் ஒரு விற்பனையாளரிடம் "நாடில்லாத நாட்டுக் காசு" என்று ஒரு லாட் விலைக்கு வந்திருக்கிறது. பிரித்துத் தரமாட்டாராம், மொத்தமாகத்தான் எடுக்க வேண்டுமாம். உள்ளே இருப்பவை: பியாஃப்ரா 1 ஷில்லிங் (1969), கடாங்கா 5 பிராங்க் (1961), டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் பிளாஸ்டிக் ரூபிள் நான்கு, சோமாலிலாந்து 10 ஷில்லிங் ராசி வரிசை பன்னிரண்டு, சீலாந்து வெள்ளி 10 டாலர், நேதாஜி முகம் போட்ட "ஆசாத் ஹிந்த் ஒரு ரூபாய்", அனுமார் உருவத்தோடு "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 ஒன் அணா".

கடைசி இரண்டுக்குத்தான் அவர் அதிக விலை வைக்கிறார். இந்த வகைச் சேகரிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க முடியும். என் கேள்விகள்: இவற்றில் எது உண்மையான காசு, எது பொம்மை? வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது? சென்னை ஈரத்தில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் தாங்குமா?

செம்புக்கழஞ்சு

வணக்கம் சார். லாட்டாக வாங்க வேண்டாம். காரணம் கீழே.

இந்த வகைக் காசு எதைப் பார்த்தாலும் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைக் கொடுத்து அந்த ஊரில் யாராவது எப்போதாவது அரிசி பருப்பு வாங்கினார்களா? "அங்கீகாரம் இருந்ததா" என்பது இரண்டாவது கேள்விதான். ஐ.நா. ஏற்காத அரசின் காசு தினமும் கை மாறியிருக்கலாம். ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய வெள்ளிக்காசு அந்த மண்ணையே பார்க்காமல் இருந்திருக்கலாம். விலை, அரிதுத்தன்மை, போலியின் அபாயம் எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் அமைகின்றன.

அந்தக் கண்ணோடு உங்கள் லாட்டைப் பார்ப்போம்.

கடாங்கா: 1960 ஜூலை 11-இல் காங்கோவிலிருந்து பிரிவதாக அறிவித்து, 1963 ஜனவரியில் முடிந்துபோன அரசு. எந்த நாடும் முறையாக அங்கீகரிக்கவில்லை. 1961-இல் 1 பிராங்க், 5 பிராங்க் வெண்கலத்தில் வந்தன. ஒரு பக்கம் வாழைக்குலை, மறுபக்கம் கடாங்கா சிலுவை. அந்தச் சிலுவை வெறும் அலங்காரம் இல்லை. ஐரோப்பியர் வருமுன் அந்தப் பகுதியில் செம்பைப் பெருக்கல் குறி வடிவில் வார்த்துப் பணமாகவே பயன்படுத்தினார்கள். பழைய பணத்தைப் புதிய பணத்தின் மேல் பொறித்திருக்கிறார்கள். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல காசு இல்லை என்பது என் கருத்து. எளிதில் கிடைக்கும், விலையும் அடங்கும். அதே 5 பிராங்க் தங்கத்திலும் உண்டு (13.33 கிராம், ஆயிரத்துக்கு 900 தூய்மை). முலாம் பூசிய வெண்கலத்தைத் தங்கம் என்று நீட்டினால் எடையே காட்டிக்கொடுத்துவிடும்.

பியாஃப்ரா: நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரில் முடிந்துபோன அரசு, 1967 மே 30 முதல் 1970 ஜனவரி வரை. காசு அலுமினியம், ஆண்டு 1969, அதாவது போரின் பிற்பகுதி. அங்கே அதிகம் புழங்கியது நோட்டுதான். அந்த 1 பவுண்டு நோட்டு இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள். காசு அந்த அளவு மலிவில்லை. 1 ஷில்லிங் நல்ல நிலையில் இருந்தால் உங்கள் லாட்டில் மதிப்புள்ள பொருள் அதுதான்.

டிரான்ஸ்னிஸ்ட்ரியா: 1990-இல் மால்டோவாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்துக்கொண்டது. 2014-இல் கலவைப் பிளாஸ்டிக்கில் நான்கு மதிப்புகள் வந்தன. 1 ரூபிள் வட்டம், 3 சதுரம், 5 ஐங்கோணம், 10 அறுகோணம். கண் தெரியாதவரும் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். புற ஊதா டார்ச் அடித்தால் ஒளிரும் குறிகள் தெரியும். நான்கும் இருந்தால் வரிசை முழுமை. புழங்கிய பணம், தயங்காமல் வாங்கலாம்.

சோமாலிலாந்து ராசி வரிசை: சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்துக்கொண்ட பகுதி, வரிசை வந்தது 2006. சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே வந்தது. பணவீக்கத்தால் அங்கே கையில் புழங்குவது நோட்டு மட்டும். பன்னிரண்டும் பார்க்க அழகு, ஆனால் வெளிநாட்டுத் தளங்களில் எப்போதும் கிடைப்பவை. அந்த நாட்டுக் காசு ஒன்று வேண்டுமென்றால் 1994-இன் 1 ஷில்லிங் அலுமினியக் காசைத் தேடுங்கள்.

சீலாந்து: இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால், இரண்டாம் உலகப் போரில் கட்டிய ஒரு கடற்கோட்டை. 1967-இல் பேடி ராய் பேட்ஸ் அதைத் தனி நாடென்று அறிவித்தார். காசு 1972 முதல். உள்ளே இருக்கும் வெள்ளியின் எடைக்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் ஆசையைப் பொறுத்தது.

"ஆசாத் ஹிந்த் ஒரு ரூபாய்": வேண்டாம். 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் அமைந்த அந்த அரசுக்குப் புழக்கக் காசு கிடையாது. ஜெர்மனியில் அச்சிட்ட தபால்தலைகள் உண்டு. அவையும் தபாலில் ஒட்டப்படவே இல்லை, ஆனால் உண்மையான காலப்பொருள். நேதாஜி மேல் உள்ள மதிப்பினால் ஒன்று வேண்டுமென்றால் அந்தத் தபால்தலையை வாங்குங்கள். முகம் பொறித்த ரூபாய் பிற்காலத்துக் கற்பனைப் பொருள்.

1818 ஒன் அணா: இதில்தான் ஊரே ஏமாறுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1818-இல் கம்பெனிக்கு எல்லா மாகாணத்துக்கும் பொதுவான காசே கிடையாது, அது 1835-இல்தான் வந்தது. செம்பில் அரை அணா, கால் அணா, பன்னிரண்டில் ஒரு பங்கு அணா உண்டு. "ஒரு அணா" என்று செம்பில் கம்பெனி பொதுப் புழக்கத்துக்கு அடித்ததில்லை. ஒரு அணாக் காசு முதலில் வந்தது 1907-இல், ஏழாம் எட்வர்ட் காலத்தில், செம்பு-நிக்கலில், அலை விளிம்போடு. நம் சென்னை மாகாணத்தில் அதற்கு முன் இருந்த கணக்கே வேறு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803, 1808 ஆண்டுகளின் 10 காசு, 20 காசுச் செப்புக்காசுகள் இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் அடித்தவை. அவற்றில் கம்பெனியின் சின்னமும் பாரசீக எழுத்தும் இருக்கும், சாமி இருக்காது.

"கம்பெனி சாமி போட்டுக் காசு அடிக்கவே இல்லையா" என்று விற்பவர் கேட்பார். அடித்தது. மூன்று சாமி வராகன், கோபுரமும் விஷ்ணுவும் உள்ள வராகன் எல்லாம் உண்டு. அவை சிறிய தங்கக்காசு அல்லது வெள்ளி அரை, கால் வராகன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்தால் கண் பழகிவிடும். உள்ளங்கை அகலத்துக்குச் செம்பில் அனுமார், ராமர் பட்டாபிஷேகம், அதன் மேல் ஆங்கிலத்தில் 1818 என்றால் அது நினைவுப்பொருள் கடைச் சரக்கு. "அரிசியை இழுக்கும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரிசியில் இரும்புத்தூள் பூசி, காசுக்குள் காந்தம் வைத்துக் காட்டுவது பழைய மோசடி.

ஆக, அவர் அதிக விலை சொல்லும் இரண்டும் மதிப்பில்லாதவை. கடாங்கா, பியாஃப்ரா, பிளாஸ்டிக் நான்கு. இவற்றைத் தனியாகக் கேளுங்கள். தராவிட்டால் வேறு இடத்தில் கிடைக்கும்.

எடைக்கல்

செம்புக்கழஞ்சு சார் வகை பிரித்துவிட்டார். சோதனைக்கு மூன்று கருவி போதும்: 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, டிஜிட்டல் வெர்னியர், நியோடைமியம் காந்தம். நான்காவதாகப் பத்து மடங்கு லென்ஸ்.

முதலில் எடை, விட்டம், தடிமன் எடுத்து நியூமிஸ்டா என்ற நாணயப் பட்டியல் இணையதளத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். புழங்கிய காசு தேய்ந்து எடை குறையலாம், அதிகமாகாது. கூடினால் சந்தேகப்படுங்கள்.

காந்தம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "காந்தத்தில் ஒட்டினால் போலி" என்பார்கள். தூய நிக்கல் ஒட்டும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாஸ்க் அரசு 1937-இல் வெளியிட்ட 1, 2 பெசெட்டா நிக்கல் காசுகள் ஒட்டினால்தான் சரி. டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் உலோக நினைவு ரூபிள்கள் நிக்கல் பூசிய எஃகு, அவையும் ஒட்டும். வெள்ளி, வெண்கலம், அலுமினியம் என்று சொல்லப்படுவது ஒட்டினால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

வெள்ளி என்று சொல்லும் சீலாந்து போன்றவற்றுக்கு அடர்த்திச் சோதனை செய்யுங்கள். தராசின் மேல் பாதி நீர் நிரப்பிய டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள், குமிழி ஒட்டாது. காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண் காசின் கன அளவு. காற்றில் எடுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

எடுத்துக்காட்டு: 25 கிராம் காசு நீரில் 2.42 காட்டினால் 10.33, ஏறக்குறைய 900-925 வெள்ளி. அதே காசு 2.81 காட்டினால் 8.9, அது செம்பு-நிக்கல். காசு அடியில் தொட்டால் அதன் எடையும் டம்ளரில் இறங்கி எண் கூடிவிடும், அசல் வெள்ளியையும் போலி என்று சொல்லிவிடுவீர்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. 1 கிராம் வெள்ளிக்காசு நீரில் 0.10-தான் காட்டும். தராசின் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலே பத்து சதவீதப் பிழை, முடிவை நம்ப முடியாது. 5 கிராமுக்கு மேல் உள்ளவற்றுக்கே இதைச் செய்யுங்கள். செம்பு, நிக்கல், செம்பு-நிக்கல் மூன்றும் 8.9 பக்கத்திலேயே நிற்பதால் அவற்றை இந்த முறையில் பிரிக்கவும் முடியாது. பிளாஸ்டிக் ரூபிளை நீரில் போட வேண்டிய தேவையே இல்லை.

லென்ஸில் பார்க்க வேண்டியது: வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கி, எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப்பரப்பில் சிறு குழிகள் இருக்கும். விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு அரத்தால் தேய்த்திருக்கும். இந்தத் துறையில் அதிகம் போலி வருவது டன்னு டுவா (1934 கோபெக்குகள்), சீன சோவியத் குடியரசு, 1918-இன் அர்மவீர் ரூபிள்கள், கொரெசம் குடியரசு. நான்குமே குறைந்த காலம் இருந்து விலை ஏறியவை. முதல் வருடத்தில் இந்த நான்கின் பக்கமும் போகாதீர்கள்.

கடலோரக் கவி

எடைக்கல் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. செம்புக்கழஞ்சு சாரோடு மட்டும் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். "அரிசி வாங்கினார்களா" என்பது விலைக்கு நல்ல அளவுகோல். சேகரிப்புக்கு அது மட்டும் போதாது. நாடாக ஆசைப்பட்டவர்கள் முதலில் செய்வது கொடி, தபால்தலை, காசு. புழங்காத காசு அந்த ஆசையின் சான்று, அதை ஒதுக்கினால் கதையில் பாதி போய்விடும்.

அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியர் அறிவித்த நாகோர்னோ-கராபாக் அரசு 2004-இல் 50 லூமா, 1 திராம், 5 திராம் வெளியிட்டது. அங்கே புழங்கியது ஆர்மேனிய திராம். இன்று அந்த அரசும் இல்லை, மக்களும் 2023-இல் வெளியேறிவிட்டார்கள். அந்த 50 லூமாவைப் புழங்கவில்லை என்று தள்ள என் மனம் ஒப்பாது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவின் அப்சார் காசு (2008 முதல், வெள்ளியிலும் தங்கத்திலும்) அதே வகை, அங்கே கடையில் ஓடுவது ரஷ்ய ரூபிள்.

லண்டியையும் விடாதீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் உள்ள தீவு. உரிமையாளர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் 1929-இல் ஒரு பஃபின், அரை பஃபின் என்று வெண்கலக்காசு அடித்தார், ஒவ்வொன்றும் 50,000. ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் பஃபின் பறவை. 1870 நாணயச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அந்தக் காசு தீவில் உண்மையிலேயே கை மாறியது, எனவே சாரின் அளவுகோலிலும் தேறும். வாங்கும்போது 1929-தானா என்று பாருங்கள். 1965 என்றிருந்தால் அது சேகரிப்பவர்களுக்காகப் பின்னால் அடித்தது, விலையும் கதையும் வேறு.

நம் பக்கத்திலேயே ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: 1947 ஆகஸ்ட் முதல் 1948 செப்டம்பர் வரையிலான ஹைதராபாத். நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் எந்தப் பக்கமும் சேராமல் தனியாக நின்ற பதின்மூன்று மாதம். காசின் வடிவம் மாறவில்லை. அதே சார்மினார், நடு வாசலில் அவர் பெயருக்கான அரபு எழுத்து. தேதி மட்டுமே பேசும். ஹிஜ்ரி 1367 என்பது 1947 நவம்பர் நடுவிலிருந்து 1948 நவம்பர் தொடக்கம் வரை, ஆகவே அந்தக் காலத்தை ஏறக்குறைய மூடிவிடும். 1366-இன் கடைசி மூன்று மாதமும் இதில் அடங்கும், ஆனால் ஒரு 1366 காசு ஆகஸ்டுக்கு முன் அடித்ததா பின் அடித்ததா என்று பிரிக்க வழியில்லை. படிக்கும்போது கவனம்: அரபு எண்ணில் 7 மேல்நோக்கித் திறந்த கொக்கி, 8 அதைக் கவிழ்த்தது. இரண்டையும் குழப்பி 1367-ஐ 1368 என்று விற்பதும் வாங்குவதும் உண்டு. சார்மினார் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

தங்கசாலை வாசகன்

மிக்க நன்றி சார், நன்றி அண்ணா, நன்றி கவி. லாட்டை விட்டுவிட்டு மூன்றை மட்டும் கேட்கப் போகிறேன். சேமிப்பு பற்றி யாராவது சொல்லுங்கள். பியாஃப்ரா காசில் வெள்ளைப் பொடி போல ஏதோ இருக்கிறது. அதை அசிட்டோனில் கழுவலாமா? ஈபேயில் வாங்கினால் சுங்கத்தில் மாட்டுமா?

பெசன்ட்நகர் உப்புக்காற்று

வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் வரும். அசிட்டோன் அதைக் கரைக்காது. அது எண்ணெய்ப் பிசுக்கையும் பிவிசி பிளாஸ்டிக் உறை விடும் பச்சையையும்தான் எடுக்கும். பொடி லேசாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை இரண்டு முறை மாற்றி, பஞ்சுத்துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பின்பு மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயவிடுங்கள். குழி விழுந்திருந்தால் அது திரும்ப வராது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பாலிஷ் எதுவும் கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு மேல்தோலை உரிப்பது. கடாங்காவின் பழுப்பு நிறம் போய்ச் சிவப்பாகிவிட்டால் மதிப்பு பாதியாகிவிடும்.

அசிட்டோன் பயன்படுத்தும் இடத்தில் தூய அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். டிரான்ஸ்னிஸ்ட்ரியா பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. மஞ்சுகுவோவின் (ஜப்பான் வடகிழக்குச் சீனாவில் நிறுவிய அரசு) 1944-45 நார்க்காசு வாங்கினாலும் இதே விதி. உலோகம் தட்டுப்பட்டபோது 1 ஃபென், 5 ஃபென்னைச் சிவப்பு, பழுப்பு நார்ப்பலகையில் அடித்தார்கள். அதற்குத் தண்ணீரும் ஆகாது, உப்பிப் போகும். அதில் உள்ள காங்தே ஆண்டோடு (அங்கிருந்த பேரரசரின் ஆட்சியாண்டு) 1933-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும்.

வைப்பதற்கு மைலார் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர், அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் கேப்சூல். வளைகிற, புது ரெயின்கோட் வாசனை வரும் ஆல்பம் பிவிசி, அது ஓரிரு கோடையில் பச்சைப் பிசுக்கு விடும். ஸ்டேபிள் பின்னை இடுக்கியால் அழுத்திச் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த அட்டையின் காசைக் கீறும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளி கறுக்கும். பீரோவில் பாச்சை உருண்டை இருந்தால் காசை அங்கே வைக்காதீர்கள்.

ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா டப்பா, 5 லிட்டருக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி. 40-50 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இருமுறை பாருங்கள், மற்ற நாளில் ஒருமுறை போதும்.

செம்புக்கழஞ்சு

சுங்கம் பற்றி: விற்பவரிடம் சுங்கப் படிவத்தில் பொருளை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். "சேகரிப்பு நாணயம், வெண்கலம், 1961, 1 எண்", உண்மை விலை. "பணம்" என்று மொட்டையாக எழுதினால் நிறுத்தி விசாரிப்பார்கள். விலையைக் குறைத்து எழுதினாலும் நிற்கும், தொலைந்தால் காப்பீடும் கிடைக்காது. நாணயவியல் சேகரிப்புப் பொருள் சுங்க அட்டவணையில் 9705 என்ற தலைப்பில் வரும், இன்வாய்ஸில் அது இருந்தால் பேச்சு குறையும். சாதாரணக் கடித உறையில் காசு அனுப்பச் சம்மதிக்காதீர்கள், கண்காணிப்பு எண்ணும் காப்பீடும் வேண்டும். தங்கம் எதையும் தபாலில் வரவழைக்காதீர்கள்.

மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டு இங்கிருந்து பழங்காசு அனுப்புவதிலும் எச்சரிக்கை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தடை செய்யப்பட்ட இயக்கங்கள் வெளியிட்டதாகச் சொல்லும் தங்க, வெள்ளி தினார்கள் இணையத்தில் வரும். பெரும்பாலும் நகல்தான், அசலாக இருந்தாலும் தொடாதீர்கள். இங்கே அது சேகரிப்பு விஷயம் இல்லை, வழக்கு விஷயம்.

கவி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். புழங்காததையும் வையுங்கள், ஆனால் அட்டையில் அதை எழுதிவிடுங்கள். உலக நாணயப் பட்டியல் புத்தகத்தில் கேஎம் (கிராஸ்-மிஷ்லர்) எண் இருந்தால் அதை, எக்ஸ் எண் இருந்தால் அதை. எக்ஸ் என்றால் வழக்கமான அரசு நாணயமாக எண்ணப்படாதது என்று பொருள், சீலாந்துக்கு அதுதான். 2020-இல் காட்சிக்கு வந்த கைலாசா காசு உங்கள் கைக்கு வந்தாலும் அதே வரிசையில்தான். உங்கள் முதல் அட்டை இப்படி இருக்கலாம்: "கடாங்கா, 5 பிராங்க், 1961, வெண்கலம், புழங்கியது, எடை, விட்டம், வாங்கிய நாள், விலை." எடையும் விட்டமும் நீங்கள் அளந்ததாக இருக்கட்டும், விற்பவர் சொன்னது வேண்டாம்.